சிற்றூரில் மூன்று அரசாங்கப் பள்ளிகள்: மகளை எங்கே சேர்ப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நிபோங் திபாலிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே தன் கையால் போட்ட ஓர் அட்டவணையையும் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

"கோலாலம்பூர் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவருக்குப் பத்து காவானில் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வந்தோம். அவருக்கு ஷிப்ட் வேலை. நான் சிம்பாங் அம்பாட்டில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு திரும்ப மாலை ஆறாகிவிடும். அதுவரை மகளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான். மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறாள்.

போய்வரும் தூரத்தில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, முன்பு தோட்டப் பள்ளியாக இருந்த தமிழ்ப்பள்ளி. ஆறு கிலோமீட்டர், 68 மாணவர்கள். இரண்டாவது, எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னாலேயே இருக்கும், மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளி, எண்ணூறு பேருக்கு மேல். மூன்றாவது, நான்கு கிலோமீட்டரில் சீனப்பள்ளி. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள்.

கணவர் தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் போட்டால் மலாய் வராது, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் வீணாகும் என்கிறார். அவரே இணையத்தில் தேசியப் பள்ளிக்குப் பதிவும் செய்துவிட்டார். மாமியார் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். பேத்தி தமிழ் படிக்காமல் போவதா என்று வருத்தப்படுகிறார். அலுவலகத் தோழிகள் சீனப்பள்ளிதான் என்கிறார்கள். புலன (வாட்ஸ்அப்) குழுவிலோ, சிறிய தமிழ்ப்பள்ளிகளை எல்லாம் மூடப்போகிறார்கள் என்று செய்தி வருகிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் முதல் நாள் ஆசிரியர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. வகுப்பே சிரித்தது. மூன்று மாதத்தில் பழகிவிட்டேன் என்றாலும் அந்த நாள் இன்னும் மறக்கவில்லை. என் மகளுக்கு அது வேண்டாம். எது நல்ல பள்ளி என்று சொல்லுங்கள். தப்பான பள்ளியில் சேர்த்துவிட்டால் பிறகு மாற்ற முடியுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அட்டவணையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 14 கட்டங்கள் போட்டிருக்கிறீர்கள். தூரம், மாணவர் எண்ணிக்கை, மண்டபம், குளிர்சாதனம், கணினி அறை, பழைய தேர்ச்சி விழுக்காடு என்று பொறுமையாகச் சேகரித்த விவரங்கள். முப்பது ஆண்டு ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையோடு பள்ளி தேடும் பெற்றோர் அதிகம் பேர் இல்லை. முதலில் அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் மகளைப் பற்றி நான்கு பக்கத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது. "புது ஆட்களிடம் சட்டென்று பேச மாட்டாள். சித்தி பிள்ளைகள் வந்தால்கூட இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறப்பாள்" என்கிறீர்கள். என்னைக் கேட்டால், மற்ற 14 கட்டத்தைவிட இந்த இரண்டு வரிதான் முக்கியம். மூன்று பள்ளிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டோடு வைத்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வீட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்தால்தான் பள்ளியிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

பழைய தேர்ச்சிப் பட்டியலை மூடி வையுங்கள்

அட்டவணையில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருப்பது, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வின் தேர்ச்சி விழுக்காடு. அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் கோவிட் காரணமாக ரத்தானது, 2021இல் அடியோடு நீக்கப்பட்டது. அன்று அந்தப் பள்ளியில் இருந்த தலைமையாசிரியர் இன்று அங்கே இருக்கிறாரா என்பதே சந்தேகம். ஆசிரியர்கள் மாறியிருப்பார்கள். தேர்வு எழுதிய பிள்ளைகள் இந்நேரம் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வையே எழுதி முடித்திருப்பார்கள்.

அந்தக் காலத்திலும் சிறிய பள்ளியை விழுக்காட்டால் அளப்பது நியாயமில்லை. ஆறாம் ஆண்டில் ஒன்பதே பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தால் போதும், பள்ளியின் தேர்ச்சி 11 விழுக்காடு இறங்கிவிடும். 120 பேர் எழுதும் பெரிய பள்ளியில் அதே காய்ச்சல் ஒரு விழுக்காடுகூட அசைக்காது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

யு.பி.எஸ்.ஆர். போனபின் வகுப்பறை மதிப்பீடுதான் முன்னுக்கு வந்தது. ஆசிரியரே ஆண்டு முழுவதும் கவனித்து ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார். பள்ளிகளைத் தரவரிசையில் அடுக்க இது உதவாது. ஆனால் பள்ளிக்குப் போய்க் கேட்க ஒரு நல்ல கேள்வி இதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை

உங்கள் கடிதத்திலேயே பதில் பாதி இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளை மதியம் ஒரு மணிவாக்கில் வீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் வருவது ஆறு மணிக்கு. கணவருக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாளும், நாளுக்கு ஐந்து மணி நேரம், உங்கள் மகள் பக்கத்தில் இருக்கப்போவது அவளுடைய பாட்டி.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பிள்ளை குளித்து, சாப்பிட்டு, கூடத்தில் பையைத் திறக்கிறாள். நோட்டை எடுத்துப் பாட்டி மடியில் வைத்து, "இது என்ன பாட்டி?" என்று கேட்கிறாள். தமிழ்ப்பள்ளி நோட்டாக இருந்தால் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். கணக்குப் புத்தகத்தில் "மொத்தம் எத்தனை?" என்று இருப்பதைப் படித்துச் சொல்வார். மலாய் நோட்டாக இருந்தால் நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சீனப்பள்ளி நோட்டாக இருந்தால் நீங்கள் வந்தாலும் படிக்க முடியாது, கணவராலும் முடியாது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தின் அறிவு மட்டும் போதாது, பக்கத்தில் ஒருவர் "ஆமா, சரிதான்" என்று தலையாட்ட வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகம் தேவை. உங்கள் மாமியார் பேரன்பால் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பு மட்டுமல்ல சகோதரி, அவரால் செய்யக்கூடிய ஒரு வேலையும் அதில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கேள்வி மட்டும் மறக்காமல் கேளுங்கள்: கணிதமும் அறிவியலும் எந்த மொழியில்? 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் இந்த இரண்டு பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்துகின்றன. தமிழ்ப்பள்ளிகளிலும் அப்படிச் சில உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இது பெரிய வித்தியாசம்.

மலாய் வராது என்ற பயம்

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பல குடும்பங்கள் பட்ட அனுபவம் அது. உங்களுக்கே அந்த அனுபவம் உண்டு. ஆனால் அதில் கலந்திருக்கும் தவறான எண்ணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் புகுமுக வகுப்புக்குப் போவதில்லை. தேசிய மாதிரிப் பள்ளிகளில், அதாவது தமிழ், சீனப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் போதிய அடைவு பெறாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்த ஓராண்டு. அடைவு பெற்றவர்கள் நேரே படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். மலாய் மொழி 1996 கல்விச் சட்டப்படி எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் கட்டாயப் பாடம், முதலாம் ஆண்டிலிருந்தே உண்டு. அதனால் "மலாய் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. "மலாய்ப் பாடவேளையில் பிள்ளைகள் மலாயில் பேசுகிறார்களா?" என்று கேளுங்கள்.

இதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். சில வகுப்புகளில் மலாய்ப் பாடம் முழுவதும் தமிழில் விளக்கியே ஓடிவிடும். பிள்ளை இலக்கணப் பயிற்சியை நிரப்பும், கட்டுரையை மனப்பாடம் செய்யும், "நேற்று எங்கே போனாய்?" என்று மலாயில் கேட்டால் விழிக்கும். உங்களுக்கும் அன்று நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். சொல்வளம் இருந்திருக்கும், காதுக்குப் பழக்கம் இருந்திருக்காது. அதனால்தான் மூன்றே மாதத்தில் சரியாயிற்று. மொழியே தெரியாதவருக்கு மூன்று மாதம் எப்படிப் போதும்? இன்று அலுவலகத்தில் மலாயில் கடிதம் எழுதுவதே உங்கள் வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காதுப் பழக்கத்தைத் தர உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். உங்கள் கணவர்தான். மலாய்ப் பள்ளியில் பதினொரு வருடம் படித்து, மலாய் நண்பர்களோடு வேலை செய்பவர். அவர் ஓய்வு நாளில் மகளோடு அரை மணி நேரம் மலாயில் மட்டும் பேசட்டும். பாடம் எடுக்க வேண்டாம். இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போய், விலை கேட்கவும் சில்லறை வாங்கவும் அவளையே பேச வைக்கலாம். ஒரு மலாய்க் கதைப்புத்தகத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் படிக்கலாம். முதலாம் ஆண்டிலிருந்து இதை விடாமல் செய்தால் படிவம் ஒன்றின் முதல் நாள் அவளுக்கு அந்நியமாக இருக்காது.

மலாய் நிபோங் திபாலில் தெருவிலும் கடையிலும் கிளினிக்கிலும் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழ் எழுத்தும் வாசிப்பும் அப்படித் தெருவில் கிடைக்காது. பள்ளியில் விட்டால் வீட்டில்தான் பிடிக்க வேண்டும், வீட்டில் உங்களுக்கு நேரம் ஆறு மணிக்குமேல்தான். உங்கள் கணவரே இதற்குச் சாட்சி. நல்ல தமிழ் பேசும் அவரால் தன் தாயார் எழுதிய கடிதத்தைப் படிக்க முடியாது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

68 பேர் என்பது நல்லதா கெட்டதா?

இரண்டும்தான். 68 பேரை ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் வகுப்புக்குப் பதினொரு பேர். வாய் திறக்க இரண்டு நாள் எடுக்கும் பிள்ளை, முப்பது பேருக்கு மேல் உள்ள வகுப்பில் ஒரு தவணை முழுவதும் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கலாம். தொல்லை கொடுக்காத பிள்ளை என்று நல்ல பெயர்கூட வாங்குவாள். பதினொரு பேர் வகுப்பில் ஆசிரியர் மூன்றாம் நாளே, "ஏன் இவள் பேசவில்லை?" என்று கேட்டாக வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு பேரில் பெண் பிள்ளைகள் நான்கு பேர் என்றால், அவர்களில் இருவரோடு மனத்தாங்கல் வந்தால் போய்ச் சேர வேறு கூட்டம் இல்லை. ஆறு வருடமும் அதே முகங்கள்தான். புறப்பாடத்தில் குழுவாக ஆடும் விளையாட்டுக்கு ஆள் சேராது. ஓர் ஆசிரியரே விளையாட்டு, நூலகம், பாடநூல் கடன் என்று நான்கு பொறுப்பைச் சுமப்பார். தேசியப் பள்ளியில் இந்தக் குறைகள் இருக்காது. இன்னொன்று, பாலர் பள்ளியில் மகளுக்கு அமைந்த இரண்டு தோழிகளும் அந்தத் தேசியப் பள்ளிக்குத்தான் போகிறார்கள் என்கிறீர்கள். பழகத் தாமதமாகும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் சனிக்கிழமைகளில் அந்தத் தோழிகளைச் சந்திக்க வையுங்கள்.

இனி, மூடிவிடுவார்கள் என்ற செய்தி. தமிழ், சீனப் பள்ளிகள் இருப்பதே அரசியலமைப்புக்கு முரண் என்று சிலர் தொடுத்த வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதிப்படுத்தியது. பினாங்கில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்போடு தொடங்கியது. இரண்டு நூற்றாண்டு தாண்டிய ஒன்று புலனச் செய்தியால் மறைந்துவிடாது.

ஆனால் ஒரு குறிப்பிட்ட பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவது உண்மையான ஆபத்து, அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 150க்குள் மாணவர் உள்ள பள்ளியைக் கல்வியமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்கிறது. அதனால் மட்டும் யாரும் மூடுவதில்லை. முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்தும் நிலை வரும். ஆகவே மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஒவ்வோர் ஆண்டிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டில் 16 பேர் வெளியேறி, முதலாம் ஆண்டில் 6 பேர் வந்தால், சில ஆண்டுகளில் பள்ளி நாற்பதை நோக்கி இறங்கும். 10 பேர் போய் 11 பேர் வந்தால் கவலை வேண்டாம். பள்ளியில் பாலர் வகுப்பு இருக்கிறதா, அதில் எத்தனை பிள்ளைகள் என்றும் கேளுங்கள். அடுத்த ஆண்டின் முதலாம் ஆண்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பள்ளி நிலம் யாருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தோட்ட நிலத்தில் இருக்கும் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம்தான் கொடுக்கும், கட்டடத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் பள்ளி வாரியம் ஓட வேண்டியிருக்கும். வாரியம் சுறுசுறுப்பாக இருந்தால் கழிப்பறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தேசியப் பள்ளியையும் சீனப்பள்ளியையும் பற்றி

தேசியப் பள்ளியில் தமிழே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளி தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எண்ணூறு பேர் படிக்கும் பள்ளியில் பதினைந்து தமிழ்ப் பெற்றோரைத் திரட்டுவது முடியாத காரியமல்ல. ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, கால அட்டவணையில் இருப்பது வேறு. இப்போது வகுப்பு நடக்கிறதா, யார் ஆசிரியர், பாடவேளைக்குள்ளா வெளியிலா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சமயம் பற்றிய உங்கள் மாமியாரின் கவலைக்கும் பதில் உண்டு. இஸ்லாமியக் கல்வி முஸ்லிம் மாணவர்களுக்கு. மற்றவர்கள் அந்த நேரத்தில் நன்னெறிக் கல்வி படிப்பார்கள்.

கடைசியில் நீங்கள் தேசியப் பள்ளியையே தேர்ந்தெடுத்தால் அது தப்பு என்று யாரும் உங்களை மனம் நோகப் பேச விடாதீர்கள். பத்து நிமிட நடை என்பது பெரிய வசதி. ஆறு கிலோமீட்டர் வேன் என்றால் பிள்ளை விடியுமுன் எழ வேண்டும், மழை நாளில் நீங்கள் அலுவலகத்தில் இருந்துகொண்டு வேன்காரருக்குப் போன் அடிக்க வேண்டும். இதையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சீனப்பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அங்கே நன்றாகப் படித்து முன்னேறிய தமிழ்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் மாண்டரின் தெரிந்த ஒருவர் இருந்தார், அல்லது பாலர் பள்ளியே மாண்டரினில் படித்தார்கள், அல்லது தினமும் டியூஷன் போனார்கள். உங்கள் மகளுக்கு இவை மூன்றும் இல்லை. அவளுடைய கூச்சத்தோடு தெரியாத மொழியையும் சேர்த்து ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு மாற்ற முடியுமா?

முடியும். எந்த வகைப் பள்ளியிலிருந்தும் எந்த வகைப் பள்ளிக்கும் இடமாற்றம் கேட்கலாம். புதிய பள்ளியில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் செய்த பதிவும் விலங்கு அல்ல. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவர் அடையாள அட்டை, வீட்டு முகவரி உள்ள பில் ஆகியவற்றின் நகலோடு செபராங் பிறை செலாத்தான் மாவட்டக் கல்வி இலாகாவை அணுகுங்கள். பள்ளி திறக்கும் வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் மட்டும் இருக்க முடியாது. 2003 முதல் ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயம்.

மாற்றலாம் என்பதற்காக லேசாகச் சேர்த்துவிடவும் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. மகனைச் சீனப்பள்ளியில் போட்டு, மூன்றாம் ஆண்டில் தேசியப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அவன் வாய்ப்பாட்டை மாண்டரினில்தான் சொல்வான். மலாயில் கேட்டால் விரலை மடக்கி மனத்துக்குள் மாண்டரினில் எண்ணி, பிறகு மலாயில் விடை சொல்லுவான். வகுப்பில் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கணக்கில் கெட்டிக்காரனான அவனை மந்தம் என்று நினைத்துவிட்டார்கள். அது சரியாவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

நேரில் போய்ப் பாருங்கள்

ஒரு நாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு, முதலில் சொல்லாமல் போய், ஏழு மணிக்குப் பள்ளி வாசலுக்கு எதிரே நில்லுங்கள். இரண்டாவது தடவை அனுமதி கேட்டு உள்ளே போங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கும் போங்கள். இவற்றைக் கவனித்தால் போதும்:

வாசலில் பிள்ளைகளை யார் வரவேற்கிறார்கள்? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? அழும் பிள்ளையை யார் கூட்டிப் போகிறார்கள்?

ஆறாம் ஆண்டு நோட்டைக் காட்டுவார்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டு நோட்டைக் கேளுங்கள். திருத்தியிருக்கிறார்களா, தப்பைச் சுழித்ததோடு விட்டார்களா, சரியான வடிவத்தை எழுதிக் காட்டி மறுபடி எழுத வைத்தார்களா என்று பாருங்கள்.

வகுப்பறை மதிப்பீட்டுக் கேள்வி இதுதான்: "இரண்டாம் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இங்கே என்ன செய்வீர்கள்?" குறைநீக்கல் ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை வேளை, பெற்றோரை எப்போது கூப்பிடுவோம் என்று அவர்கள் விவரமாகச் சொன்னால் நல்ல பள்ளி. "எங்களிடம் அப்படிப் பிள்ளைகளே இல்லை" என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

தமிழ்ப்பள்ளியில் உங்கள் கணவர் ஓர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் மலாயில் பேசிப் பார்க்கட்டும். சிற்றுண்டிச்சாலைக்கு வழி எது, இன்று என்ன சாப்பிட்டாய் என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். அந்தப் பதில் அவருடைய பயத்தைப் போக்கலாம், அல்லது அவர் பயம் நியாயமானது என்று காட்டலாம். எதுவானாலும் அதை மதியுங்கள்.

பணத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாடநூல் மூன்று பள்ளியிலும் கடனாக இலவசமாகவே கிடைக்கும். 2023 முதல் பெற்றோர் வருமானத்தைப் பாராமல் எல்லா மாணவருக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி வழங்கப்படுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை தர முடிந்தால் தாருங்கள். அதைக் கட்டாவிட்டால் சேர்க்க மாட்டோம், புத்தகம் தர மாட்டோம் என்று எந்த அரசாங்கப் பள்ளியும் சொல்லக்கூடாது.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய நிலவரப்படி, ஆண்டுவாரி எண்ணிக்கையும் மலாய்ப் பாடமும் திருப்தியாக இருந்தால், நான் தமிழ்ப்பள்ளியைத்தான் சொல்வேன். பாட்டி பக்கத்தில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரமும், பதினொரு பேர் வகுப்பும் இந்தப் பிள்ளைக்குப் பொருந்துகின்றன. எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தாலோ, மலாய் வகுப்பு மனத்துக்கு ஒப்பாவிட்டாலோ தேசியப் பள்ளிக்குப் போங்கள். அப்போது பாட்டியின் ஐந்து மணி நேரத்தில் தினமும் அரை மணியைத் தமிழ் எழுத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

இதை வீட்டில் பேசும்போது "அத்தை சொல்வதுதான் சரி" என்றோ "நீங்கள் கேட்காமல் பதிந்துவிட்டீர்கள்" என்றோ தொடங்க வேண்டாம். உங்கள் கணவருக்கு இருப்பதும் உங்களுக்கு இருக்கும் அதே பயம்தான். அந்த முதல் நாள் கதையை அவரிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது தெரியவில்லை. சொல்லிவிட்டு, "மகளின் மலாய்க்கு நீங்கள்தான் பொறுப்பு, ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று அவரிடம் கேளுங்கள்.

பள்ளிக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். தலைமையாசிரியரோ ஆசிரியரோ அவளிடம் பெயர் கேட்பார்கள். அவள் உடனே சொல்ல மாட்டாள், உங்கள் பின்னால் ஒளிந்துகொள்வாள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர்கள் குனிந்து, அவள் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறார்களா, அல்லது உங்களிடம் திரும்பிப் பேச்சைத் தொடர்கிறார்களா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.